நீலக் கட்சி, பச்சைக் கட்சி

ஊரில் உள்ள கதவுகளையெல்லாம் பளபளக்க வைத்த பெயிண்டரின் சொந்த வீட்டு வாசற்கதவு மட்டும் பல்லிளித்துக்கொண்டு நின்றது. கேட்டவர்களிடம் "வீட்டுல சண்டை முடியலைங்க" என்று சிரித்து மழுப்பிவிடுவார். விஷயம் வேறு.

மகன் போர்முனைக்குப் போன புதிதில், வீட்டிலிருந்து போன கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு. நாங்கள் நலம், உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. அவனுக்குப் பொறுக்கவில்லை. "அப்பா, இப்படி எழுதினா எதையோ மறைக்கிற மாதிரி பயமா இருக்கு. நீங்களும் அம்மாவும் சண்டை போட்டா அதை எழுதுங்க. இங்க எல்லாரும் கூடி உட்கார்ந்து படிக்கிறோம்" என்று பதில் போட்டான்.

சண்டைக்கு எங்கே போவது? அவன் போனதிலிருந்து இருவருக்கும் குரலை உயர்த்தவே தெம்பில்லை. மனைவிதான் சுற்றுமுற்றும் பார்த்துக் கதவைக் கண்டுபிடித்தாள்.

"நான் நீலம் அடிக்கணும்ங்கிறேன். நீங்க பச்சைன்னு நில்லுங்க."

"எனக்கும் நீலம்தானடி பிடிக்கும்?"

"ரெண்டு பேரும் நீலம்னா சண்டை எங்கேருந்து வரும்? புள்ளைக்காகக் கொஞ்சம் பச்சை பிடிக்கக் கூடாதா?"

பிடித்தது. 'ஊருக்கே கதவு அடிச்ச எனக்கு உங்கம்மா பாடம் எடுக்கிறா' என்று அவர் எழுத, பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதே தாளில் பதிலடி கொடுத்தாள். எழுதும்போது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கே படையே இரண்டுபட்டது. சமையல்காரர் பச்சைக் கட்சியாம். நீலக் கட்சிக்காரர்கள் தட்டில் சோறு குறைந்ததாம். மகன் மட்டும் பிடி கொடுக்கவில்லை. "லீவுல வந்து தீர்ப்பு சொல்றேன். அதுவரைக்கும் யாரும் கதவைத் தொடக்கூடாது" என்று எழுதினான்.

லீவு வரவில்லை. படையிலிருந்து இரண்டு அதிகாரிகள் சாவுச் செய்தியோடு வந்தார்கள். அந்தக் கதவைத்தான் தட்டினார்கள்.

அதன் பிறகு அவள் அந்தக் கதவைப் பார்ப்பதையே தவிர்த்தாள். ஒருநாள் காலையில் சொன்னாள்: "நீலமே அடிச்சிருங்க. ரெண்டு பேருக்கும் பிடிச்சதுதானே. இனிமே யாரு வந்து தீர்ப்பு சொல்லப் போறாங்க?"

அவர் கதவுக்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நீல டின்னைத் திறந்து குச்சியால் கலக்கினார். பிரஷ்ஷை முக்கும் நேரத்தில் தபால்காரர் வந்து ஓர் உறையை நீட்டினார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மகன் கடிதம் என்றே நினைத்துவிட்டார். கையெழுத்து வேறு. மகனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவன் எழுதியிருந்தான். அவர் வாசற்படியில் உட்கார்ந்து மனைவிக்குக் கேட்கும்படி படித்தார்.

"உனக்கு எந்த நிறம்டான்னு ஒருநாள் அவனைப் போட்டு உலுக்கினோம். 'எங்கப்பாவுக்கும் நீலம்தான் பிடிக்கும், எனக்குத் தெரியும். எனக்காகத்தான் சண்டை போடுறாங்க. நான் தீர்ப்பு சொல்லிட்டா சண்டை முடிஞ்சிரும். மறுபடியும் நலம், உடம்பைப் பார்த்துக்கோன்னு எழுத ஆரம்பிச்சிருவாங்க'ன்னான். அம்மா, அப்பா, ரெண்டு கட்சியிலும் மிச்சம் இருக்கிறவங்க கேட்கச் சொன்னாங்க. சண்டை இன்னும் நடக்குதா?"

கடிதம் மடியில் விழுந்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அதையெல்லாம் பார்க்காமல் வாய்விட்டு அழுதார். தங்கள் நாடகத்தைத் தெரிந்துகொண்டே ரசித்த பிள்ளையை எப்படித்தான் மறப்பது?

அழுது முடிக்காமலே எழுந்தார். நீல டின்னின் மூடியை வைத்து உள்ளங்கையால் அடித்து அடித்து இறுக்கினார்.

"எனக்குப் பச்சைதான் வேணும்" என்றார்.

அவள் வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுடி. விட்டுக்கொடுத்துராத."

"நீலம்தான்" என்றாள். "தலைகீழா நின்னாலும் நீலம்தான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, காகிதமும் பேனாவும் எடுத்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கடிதம் போட்ட அந்தப் பையனுக்கு, எப்போதும் போலவே 'மகனே' என்று ஆரம்பித்து எழுதினார்: 'உங்கம்மா இன்னும் ஒத்துக்கலை.'