குழிக்குள்ளிருந்து கூப்பிட்டவர்

லிஃப்ட் மெக்கானிக்கை வீட்டில் எல்லோரும் 'எதிர்க்கட்சி' என்றுதான் சொல்வார்கள். கடவுள் பேச்சு வந்தால் எதிர்த்து நாலு வார்த்தை பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. மனைவி கண்ணை மூடி ஜெபம் செய்கையில், "என்ன, லைன் கெடச்சுதா? இல்ல பிசியாமா?" என்று கேட்பார். அவள் ஜெபத்தைத் தொடர்வாள். தலை முழுக்க நரைத்தும் அவர் வாய் மட்டும் நரைக்கவில்லை.

அன்று ஒரு பழைய அலுவலகக் கட்டடத்திலிருந்து அழைத்திருந்தார்கள். லிஃப்ட் சில நேரம் தளத்தைத் தாண்டி இறங்கிவிடுகிறது என்று புகார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, லிஃப்டுக்கு அடியிலிருக்கும் குழிக்குள் இறங்கினார். உள்ளே போனதும், லிஃப்டை நகரவிடாமல் செய்ய அங்கிருக்கும் சிவப்பு சுவிட்சையும் அணைக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவரே படித்துப் படித்துச் சொல்கிற பாடம் அது. அன்று அவர் அணைக்கவில்லை. ஒரு நிமிட வேலைதானே என்ற மிதப்பு.

மேலே யாரோ மெயினைப் போட்டுவிட்டார்கள்.

முதலில் கம்பிகள் நடுங்கின. நிமிர்ந்து பார்த்தால் லிஃப்டின் அடிப்பாகம் இருட்டாக இறங்கி வந்துகொண்டிருந்தது. சுவிட்சை நோக்கிப் பாய்ந்தார். எண்ணெயில் வழுக்கிய கால் இரும்புச் சட்டத்தில் சிக்கி முறிந்தது. மல்லாந்து விழுந்தவரின் முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது. செருப்புச் சத்தம். யாரோ சிரித்தார்கள். மறுபடி மேலே போனது.

தொண்டை கிழியக் கத்தினார். மோட்டார் இரைச்சலில் அது எங்கே கேட்கும்? அடுத்த முறை லிஃப்ட் இன்னும் தாழ இறங்கியது. அதற்கடுத்த முறை இன்னும் தாழ.

"ஆண்டவரே!"

அந்தச் சொல் அவர் வாயிலிருந்துதான் வந்தது. தலைக்கு மேலிருந்த இரும்பைவிட அந்தச் சொல் அதிகமாகப் பயமுறுத்தியது. வாழ்நாளெல்லாம் யாரைக் கேலி செய்தாரோ அவரையல்லவா கூப்பிட்டுவிட்டார்! எந்த முகத்தை வைத்துக்கொண்டு காப்பாற்று என்று கேட்பது?

லிஃப்ட் இறங்கியது. மூக்கு நுனியில் கிரீஸ் ஒட்டியது. நின்றது. மோட்டார் இரைச்சலும் அடங்கியது.

"கேக்க எனக்கு யோக்கியதை இல்ல," என்று முணுமுணுத்தார். "ஆனா, என்ன விட்டுட்டுப் போயிடாதீங்க."

லிஃப்டுக்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண், "ஐயோ, காலுக்குக் கீழ யாரோ பேசறாங்க!" என்று அலறி, லிஃப்டை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவருக்கு அறுவை சிகிச்சை. காலைச் சரி செய்துவிடலாம், ஆனால் இதயம் பலவீனமாக இருக்கிறது, தாங்குமா என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். மனைவியும் அவளுடைய அக்காவும் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்கள். அவர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

"குழிக்குள்ள நான்... அவரக் கூப்பிட்டேன்."

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "சுடுகாடு கண்ணுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும்தான் பக்தி வரும். நாங்க சின்ன வயசுலேர்ந்து முட்டி தேய ஜெபம் பண்றோம். இவருக்கு நேத்து வந்து இன்னைக்கு எங்களோட சரிசமமா?"

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது போலிருந்தது. அவரும் இரவெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார். மனைவியின் கையைப் பிடித்தார்.

"அக்கா சொல்றது நியாயம்தானே? உயிர் பயத்துல கூப்பிட்டதுதான். ஆபரேஷன்ல நான் போயிட்டா, 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதா'ன்னு அவர் கேப்பாரே, நான் என்ன சொல்ல?"

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தார். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏங்க, உங்களுக்காகக் கேக்கறத நான் நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு."

"என்னம்மா சொல்ற?"

"கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு. இந்த மனுஷன் திருந்தமாட்டாருன்னு விட்டுட்டேன். அப்புறம் கண்ண மூடினதெல்லாம் எனக்காகவும் பிள்ளைங்களுக்காகவும்தான்." அவர் கையை அவளும் இறுகப் பிடித்தாள். "நானே உங்கள கைகழுவிட்டேன். அவர் கழுவல. நெனச்சா எனக்கே நடுக்கமா இருக்கு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இத்தன வருஷமா நானும் கேக்கல, நீயும் கேக்கல," என்றார் அவர் மெல்ல. "அப்ப யாரு கேட்டு அவர் வந்தாரு?"

"யாரும் கேக்கலங்க."

தள்ளுவண்டி வந்தது. பயம் போகவில்லை. "எப்படி ஆரம்பிக்கணும்? சொல்லிக் குடு," என்று கெஞ்சினார். "வாய்க்கு வந்ததச் சொல்லுங்க," என்றாள். ஆபரேஷன் அறைக் கதவு மூடும்வரை அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. "வந்துட்டேன். லேட்டுதான். பயமா இருக்கு. வந்துட்டேன்."

பிழைத்துக்கொண்டார். கால் மட்டும் சற்றுக் குட்டையாகிவிட்டது. முதன்முறையாக ஜெப வீட்டுக்குப் போன அன்று, வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சின் ஓரத்தில், யாராவது எழுப்பி விட்டால் உடனே போய்விட வசதியாக உட்கார்ந்தார். எல்லோரும் கண்ணை மூடியபோது அவரும் மூடினார். யாரோ தோளைத் தொட்டார்கள். பதறிப்போய்க் கண்ணைத் திறந்தார்.

மனைவியின் அக்கா. அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"இங்க கால நீட்ட முடியாது. முன்னாடி என் பக்கத்துல எடம் இருக்கு, வாங்க."