ஓசி மண்ணு

மண்ணு சுத்தமா இருந்துச்சு. அதுலதான் எனக்கு எரிச்சலே ஆரம்பிச்சுது.

வருஷக்கணக்கா பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்கின பட்டறை அது. இப்போ மூடியாச்சு. கூரையைப் பிரிச்சாச்சு, உலையை வித்தாச்சு, சுத்தி ஆள் உயரத்துக்கு மேல சுவர் எழுப்பியாச்சு. வாசல்ல ஒரு பேனர்: புல்தரையில ரெண்டு குழந்தைங்க வெறுங்காலோட ஓடுதுங்க, பின்னாடி வானத்தை முட்டுற அடுக்குமாடி. அந்த அடுக்குமாடி எழும்புறதுக்கு முன்னாடி மண்ணுல என்ன விஷம், எவ்வளவு விஷம்னு தோண்டிப் பார்த்து எழுதிக் குடுக்கணும். அந்த எழவு வேலைதான் எனக்குச் சம்பளம் தருது.

பட்டறையோட பழைய வரைபடத்துல பின் மூலையில ஆசிட் குழின்னு போட்டிருந்துச்சு. பேட்டரியில இருந்து கொட்டுற திராவகம், கசடு எல்லாம் அங்கதான் போய்ச் சேரும். ஆகரை இறக்கினேன். அது பெரிய திருகாணி மாதிரி. கையால திருகித் திருகி இறக்கினா அடிமண்ணைக் கவ்விக்கிட்டு மேல வரும். வந்துச்சு. மஞ்சளா, பொலபொலன்னு, சலிச்சு எடுத்த மாதிரி. ஒரு வேர் இல்ல, ஒரு செங்கல் துண்டு இல்ல, ஒரு எறும்பு கூட இல்ல. என்கிட்ட துப்பாக்கி மாதிரி ஒரு மீட்டர் உண்டு. மண்ணுல வெச்சு அழுத்தினா ஈயம் எவ்வளவுன்னு அங்கயே காட்டும். அதுல ஒண்ணுமே வரல. ஈயப் பட்டறையோட ஆசிட் குழியில ஈயமே இல்லையாம்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதுதான்.

எங்க ஆபீஸ் மேனேஜர் பின்னாடியே குடையோட நின்னுக்கிட்டிருந்தாரு. எதையும் பூசி மெழுகறதுல கெட்டிக்காரர்ங்கறதால அவருக்கு நான் வெச்ச பேரு மெழுகு. ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தான் சொல்லுவாங்க, அவரு காதுக்கு எட்டாம.

"என்னம்மா, ரீடிங் வரலையா? நல்லதுதானே?"

"சார், இது புது மண்ணு. பழசை அள்ளிட்டு இதைக் கொட்டியிருக்காங்க."

"அள்ளிட்டாங்கன்னா இன்னும் நல்லது."

"அள்ளினது எங்க போச்சு சார்?"

அவரு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு ஆகரைத் தூக்கி வீசணும்போல இருக்கும். "இதோ பாரும்மா. நம்ம வேலை சுவருக்கு உள்ள. உள்ள ஒரு கூடை மண்ணு கிடந்தாலும் சோதிச்சு எழுதணும். வெளிய மலையே கிடந்தாலும் அது நம்ம தலைவலி இல்ல. வெள்ளிக்கிழமை சுற்றுச்சூழல் அதிகாரி வர்றாங்க. அதுக்குள்ள ரிப்போர்ட்டை முடி."

முடிக்கிறேன் சார், முடிக்கிறேன்னு மனசுக்குள்ள பல்லைக் கடிச்சுக்கிட்டு நேரா வாசல் டீக்கடைக்குப் போனேன். அந்த சைட்டுக்கு மண்ணடிக்கிற டிப்பர்காரர் அங்க உட்கார்ந்து பன்னை டீயில முக்கிக்கிட்டிருந்தாரு. ஒளிச்சு மறைச்சுப் பேசத் தெரியாத மனுஷன். கேட்டதும் சொல்லிட்டாரு.

"மழைக்கு முன்னாடி அள்ளினோம்மா. குப்பைமேட்டுக்கு முறையா கொண்டு போனா செலவாகும், யாராவது கேட்டா குடுத்துடுன்னாங்க. ஓசின்னா விடுவாங்களா? நான் நீன்னு சண்டை போட்டு வாங்கினாங்க. தண்ணி டாங்கிக்குப் பின்னாடி பள்ளத் தெரு இருக்கே, மொத்தமும் அங்கதான் அடிச்சேன். என் வீட்டு வாசலுக்குக் கூட ஒரு லோடு போட்டேன்."

காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரின்னு சொல்லுவாங்களே, அன்னைக்குத்தான் எனக்கு அது என்னன்னு தெரிஞ்சுது. பள்ளத் தெருவுலதான் எங்க அக்கா வீடு.

மழை வந்தா அக்கா வீட்டுப் பின்கட்டு குளமாயிடும். இந்த வருஷம் ஆகல. "நீயும்தான் மண்ணு மண்ணுன்னு படிச்சே, ஒரு கூடை கொண்டு வந்து போட்டியா? உங்க மாமா ஒரே ஒரு ஃபோன் போட்டாரு, ரெண்டு லோடு வந்து இறங்கிடுச்சு பார்த்தியா?"ன்னு எனக்கு எத்தனை தடவை இடிச்சுக் காட்டியிருப்பா! மாமான்னா அக்கா வீட்டுக்காரர். அந்த ரெண்டு லோடு மண்ணுலதான் அக்கா பொண்ணு, எங்க வாண்டு, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கிடக்கறா. மூணு வயசு. ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் கரண்டியை வெச்சுக்கிட்டு மண்ணைக் கிண்டி "சித்தி, ஆ காட்டு"ன்னு வர்ற வரத்து இருக்கே, வாயைத் திறக்காம யாரும் தப்பிக்க முடியாது. எங்களுக்கு ஒரு வாய் ஊட்டுற மாதிரி பாவனை பண்ணிட்டு, தனக்கு நிஜமாவே ஒரு வாய் போட்டுக்குவா.

ஆட்டோ பிடிச்சு ஓடினேன். அக்கா அடுக்களை வாசப்படியில உட்கார்ந்து தட்டும் கையுமா கெஞ்சிக்கிட்டிருந்தா. வாண்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சுருண்டிருந்தா. முகம் வெளுத்துக் கிடந்துச்சு.

"நல்ல வேளை வந்தே. நீயாவது ஊட்டு. ஒரு மாசமா சாப்பாட்டைக் கண்டாலே ஓடறா, வயிறு வலிக்குதாம். அழுத்தக்காரி, எல்லாம் நடிப்பு."

நான் நேரா பின்கட்டுக்குப் போனேன். மண்ணு கருப்பா, கெட்டியா இருந்துச்சு. ஊடால உடைஞ்ச கருப்பு பிளாஸ்டிக் சில்லுங்க, பேட்டரிப் பெட்டியோட ஓடு. வாண்டு அதையெல்லாம் பொறுக்கி வரிசையா தட்டு மாதிரி அடுக்கி வெச்சிருந்தா. மீட்டரை வெச்சு அழுத்தினேன். குழந்தைங்க விளையாடுற இடத்துக்கு எங்க ஆபீஸ் வெச்சிருக்கற அளவைப் போலப் பத்து மடங்கு. தள்ளி வெச்சேன். பன்னிரண்டு. நாசமாப் போறவனுங்க! மீட்டரைக் கீழ வெச்சுட்டேன்.

அக்காகிட்ட சொன்னேன். அவ நம்பல. அப்புறம் நம்பினா, அது இன்னும் மோசம்.

"மெதுவாப் பேசுடி! பக்கத்து வீட்டுல கேக்கப் போகுது. மண்ணுல விஷம்னு ஊர் முழுக்கத் தெரிஞ்சா இந்த வீட்டை எவன் வாங்குவான்? விக்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. உன் மெஷினைத் தூக்கிட்டுக் கிளம்பு."

"வீடு கிடக்கட்டும்க்கா. பொண்ணைப் பாரு!"

"என் பொண்ணைப் பத்தி எனக்குத் தெரியும்."

"என்னத்தைத் தெரியும்? நடிக்கிறான்னு தெரியும், அவ்வளவுதானே?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனா கேட்டுட்டேன். அக்கா தட்டைக் கீழ வெச்சா. மாமா உள்ளேர்ந்து வந்து வாண்டைத் தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு செருப்பை மாட்டினாரு. "எந்த டாக்டர்கிட்ட போகணும், சொல்லு"ன்னாரு.

ரத்தத்துல ஈயம் இருந்துச்சு. இருக்கக் கூடாத அளவுக்கு இருந்துச்சு. டாக்டரம்மா சுத்தி வளைக்காம சொன்னாங்க: "மருந்து குடுக்கலாம், குறைக்கலாம். ஆனா மூளை வளர்ற வயசு. ஏற்கெனவே எவ்வளவு போய் உட்கார்ந்திருக்குன்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. முதல்ல குழந்தையை அந்த மண்ணுலேர்ந்து தூக்குங்க." அன்னைக்கே வாண்டை மாமாவோட தங்கச்சி வீட்டுல விட்டோம். கரண்டி வேணும்னு வழியெல்லாம் அழுதா. அவசரத்துல அதை எங்க போட்டோம்னு யாருக்கும் தெரியல.

மறுநாள் ரத்த ரிசல்ட்டை மெழுகோட மேஜை மேல வெச்சேன். படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. சொந்தம் வேற. லீவு வேணா எடுத்துக்கோ."

"லீவு வேணாம் சார். இதை ரிப்போர்ட்ல எழுதணும்."

"அது எப்படிம்மா? அது சுவருக்கு வெளிய."

குரல்ல ஒரு ஏத்த இறக்கம் இல்ல. டீக்குச் சர்க்கரை வேணாம்னு சொல்ற மாதிரி சொன்னாரு. நான் அவரை என்னென்ன திட்டினேன்னு இங்க எழுத முடியாது. ஆபீஸே எழுந்து நின்னுச்சு. அவரு மட்டும் பொறுமையா, "கோபத்துல பேசறே, நான் மனசுல வெச்சுக்க மாட்டேன்"ன்னாரு. அந்தப் பெருந்தன்மைக்கே இன்னும் நாலு வார்த்தை சேர்த்துக் குடுத்துட்டு வந்தேன்.

சாயங்காலம் அக்கா வீட்டுல உட்கார்ந்து கத்தித் தீர்த்தேன். "உள்ள ஒரு கூடை கிடந்தாலும் எழுதணுமாம், வெளிய மலையே கிடந்தாலும் வேணாமாம்! இவனுங்க வீட்டுல குழந்தை குட்டி கிடையாதா?" அக்கா சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்தா.

"உள்ள கிடந்தா எழுதணுமா?"ன்னு கேட்டா.

"அப்படித்தான் சொல்றான்."

"அப்ப உள்ள கொண்டு போய்ப் போடுவோம்."

நான் அவளைப் பார்த்தேன். வீட்டு விலை விழும்னு வாயைப் பொத்தினவ எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போயிட்டா. தெருவுல முதல்ல அக்காவைத் திட்டினாங்க, அப்புறம் என்னைத் திட்டினாங்க. வீடு வீடா மீட்டரை வெச்சுக் காட்டினதும் திட்டுறதுக்குச் சரியான ஆள் யாருன்னு அவங்களுக்கே புரிஞ்சு போச்சு. டிப்பர்காரர் தன் வீட்டு வாசல்ல வந்த நம்பரைப் பார்த்துட்டு, "எங்க எடுத்தேனோ அங்கயே கொட்டறேன். எவன் தடுக்கறான்னு பார்க்கறேன்"ன்னு லுங்கியை மடிச்சுக் கட்டினாரு.

புழுதி பறந்தா அதுவே விஷம்னு சொல்லி, மண்ணை நல்லா நனைக்க வெச்சேன். எல்லாருக்கும் மாஸ்க், கையுறை. ஆபீஸ் ஸ்டோர்ல இருந்ததை அப்படியே அள்ளிட்டு வந்துட்டேன், கணக்கை மெழுகு பார்த்துக்கட்டும். லோடு மேல தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை காலையில அதிகாரியம்மா வந்து, மெழுகு அவங்களுக்கு ஆசிட் குழி இருந்த மூலையைக் காட்டி, "பாருங்க மேடம், எவ்வளவு சுத்தம்"னு ஆரம்பிச்ச நேரம். கேட்டுல டிப்பர் ஹாரன் அடிச்சுது. அதே வண்டி, அதே டிரைவர். தினமும் வர்ற வண்டிதானேன்னு வாட்ச்மேன் திறந்து விட்டாரு. டிப்பர்காரர் உள்ள வந்து, அந்த மஞ்சள் மண்ணு மேலயே தொட்டியைத் தூக்கிக் கவுத்தாரு. கருப்பா, ஈரமா, பொத்துன்னு விழுந்துச்சு. பின்னாடியே தெரு ஜனம் நடந்து வந்துச்சு.

"யோவ்! என்னய்யா பண்றே?" மெழுகு இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல.

"இங்கேர்ந்து போன மண்ணு மேடம்,"னு நான் அதிகாரியம்மாகிட்ட நேரா சொன்னேன். "மழைக்கு முன்னாடி இந்தக் குழியில இருந்து அள்ளி எங்க அக்கா தெருவுல கொட்டினாங்க. திருப்பிக் கொண்டு வந்திருக்கோம். இன்னும் லோடு வருது. சுவருக்கு உள்ள ஒரு கூடை மண்ணு இருந்தாலும் சோதிக்கணும்னு சார்தான் சொன்னாரு."

அதிகாரியம்மா குனிஞ்சு ஒரு கருப்புச் சில்லைப் பார்த்தாங்க. சுவரோரம் பழைய தரை உடையாம மிச்சமிருந்த இடத்துல அதே சில்லு அழுந்திக் கிடந்துச்சு. அதையும் பார்த்தாங்க. "சோதிங்க"ன்னாங்க.

"மேடம், இது வெளிய இருந்து வந்தது," மெழுகு குடையை மடக்கி மடக்கி விரிச்சாரு. "இதை இந்த இடத்தோட சேர்க்க முடியாது."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால வந்தா.

"சார், எனக்குப் படிப்பெல்லாம் அவ்வளவா கிடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் பொண்ணு ரத்தத்துல ஏறியிருக்கே, அது சுவருக்கு உள்ளயா, வெளியயா?"

மெழுகு அதிகாரியம்மா பக்கம் திரும்பினாரு. யாரும் அவருக்கு உதவிக்கு வரல. நான் முட்டி போட்டு உட்கார்ந்து, முதல் சாம்பிளுக்கு மண்ணைக் கிளறினேன். ரெண்டாவது கிளறல்ல ரோஸ் கலர்ல என்னமோ தட்டுப்பட்டுச்சு. வாண்டோட கரண்டி. கரண்டிக் குழியில ஈர மண்ணு அப்பியிருந்துச்சு, அவ எங்களுக்கு ஊட்ட வர்ற அளவுக்கு. பின்னாடி அக்கா ஒரு சத்தம் போட்டா. அது அழுகையா கத்தலான்னு எனக்குத் தெரியல.

எழுந்து, அதை அப்படியே மெழுகு முன்னால நீட்டினேன்.

"பிடிங்க சார். வெளிய இருந்து வந்ததுதானே, உங்களுக்கு என்ன பயம்?"

அவரு சட்டுன்னு ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டாரு.