அம்மாவோடு போன ஷோ

தனுஜா முதன்முதலாக ஒரு ராக் ஷோவுக்குப் போனபோது அவளுக்கு இருபது வயது. யட்டியாந்தோட்டை டவுனில் நிஸார் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பி எடுப்பதும், எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பதும் அவள் வேலை. வீடு அங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம், ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். அப்பா நாகலிங்கம் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிறவர். அம்மா அழகம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள்.

ஷோ கேகாலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்தது. 'மகா வெஸ்ஸ' என்ற கொழும்பு பேண்ட். சிங்களத்தில் பெருமழை என்று அர்த்தம். இரண்டு வருஷமாக அவர்களுடைய பாட்டுகளைத் தனுஜா போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவற்றை அவளுக்கு அனுப்பிவைத்தவள் கம்ப்யூட்டர் வகுப்பில் பழக்கமான மாவனல்லை றஸ்மியா. றஸ்மியாவின் நானா பவாஸ் சவுண்ட் செட் வாடகைக்கு விடும் ஓர் இடத்தில் வேலை செய்தான். அவன் ஸ்பீக்கர் கட்டப் போகும் ஷோக்களுக்குத் தங்கச்சியும் போவாள். இந்த முறை தனுஜாவையும் கூப்பிட்டாள். வீட்டில் கேகாலையில் வகுப்பு என்று சொல்லிவிட்டுத் தனுஜா பஸ் ஏறினாள்.

எல்லாப் பாட்டும் தனக்கு மனப்பாடம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் பேஸ் கிட்டாரின் முதல் அடி காது வழியாக வரவில்லை. தரையிலிருந்து கிளம்பி, முழங்காலில் ஏறி, நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. முதல் இரண்டு பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு பவாஸ் பக்கத்திலேயே நின்றாள். மூன்றாவது பாட்டில் எப்படியோ மேடைக்கு முன்னால் போயிருந்தாள். தலைமுடி அவிழ்ந்தது. கறுப்புச் சட்டை போட்ட பெண்கள் இரண்டு பேர் தலையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். அவளும் ஆடினாள். பக்கத்தில் ஒருத்தன் இடிபட்டு விழுந்தபோது, யாரென்றே தெரியாத நான்கு பேர் குனிந்து அவனைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி ஆட ஆரம்பித்தார்கள். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் காதுக்குள் ஙொய் என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை விஷயம் வெளியே வந்துவிட்டது. யாரோ பேஸ்புக்கில் போட்ட வீடியோவை மேல் லயத்துச் சசி பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களிடம் காட்டினாள். வீடியோவில் தனுஜா முடியை விரித்துப்போட்டு, கண்ணை மூடி, உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தோட்டத்தில் ஒரு பெண்ணை அப்படிப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தனுஜா வேலை முடிந்து வருவதற்குள், அழகம்மாவின் மகளுக்கும் சாமி வந்துவிட்டது என்ற செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஏனென்றால் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாமி வருவது அழகம்மாவுக்குத்தான். இருபத்திரண்டு வருஷமாக அப்படி. சித்திரைத் திருவிழாவில் தப்பு மேளம் ஒரு கதிக்கு ஏறியதும் அவள் உடம்பு நடுங்கத் தொடங்கும். முடி அவிழும். பெண்கள் வரிசையாக வந்து நின்று வாக்குக் கேட்பார்கள். மற்ற நாட்களில் அவள் காலையில் முந்நூறு மரத்தில் பால் வெட்டி, பத்து மணிக்குப் பாலைச் சேர்த்து வாளியில் எடுத்துப் போகிற, அதிகம் பேசாத பெண்.

அன்றைக்குப் பொய் சொன்னதற்காக அப்பாதான் சத்தம் போட்டார். அவர் குளிக்கப் போனதும் அம்மா போனைக் கேட்டாள். வீடியோவை மூன்று தரம் பார்த்தாள். திட்டு விழப்போகிறது என்று தனுஜா காத்திருந்தாள்.

"அப்ப உனக்கு நெனவு இருந்துச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"இருந்துச்சும்மா."

"தானா வந்துச்சா, நீயா ஆடுனியா?"

"நானாத்தான் ஆடுனேன். ஆனா நிறுத்தணும்னு தோணல."

அம்மா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பூசாரியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டச் சொல்கிறார்கள் என்றும், பொறுங்கள் என்று தான் சொல்லி வைத்திருப்பதாகவும் சொன்னாள். பிறகு, அடுத்த ஷோ எப்போது என்று கேட்டாள். அடுத்த மாதம் கொழும்பில் என்றாள் தனுஜா.

"நானும் வாறேன்" என்றாள் அம்மா.

மகள்மேல் வந்திருப்பது என்னவென்று பார்க்கத்தான் அவள் போகிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டு சரி என்றுவிட்டார். தனுஜாவுக்குத்தான் நிம்மதி போய்விட்டது. அந்த ட்ரம்ஸ் சத்தத்தில் அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டால் என்ன செய்வது? அத்தனை கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில் அம்மா முடியை விரித்து ஆடினால், அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடிப்பார்கள். அதையும் யாராவது போடுவார்கள். அவள் றஸ்மியாவிடம் சொன்னாள். றஸ்மியா பவாஸிடம் சொன்னாள். சவுண்ட் மேசைக்குப் பின்னால், உயரமான பலகைமேல், ஒரு நாற்காலி போட்டுத் தருவதாக அவன் சொல்லியனுப்பினான்.

ஷோ நடந்த ஞாயிறு காலையில் அவிசாவளை வழியாகக் கொழும்பு பஸ்ஸில் போனார்கள். அம்மா பச்சை நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள். பையில் ஒரு போத்தல் தண்ணீரும், வெற்றிலையும், இரண்டு எலுமிச்சம்பழமும் இருந்தன. ஷோ ஒரு பழைய மண்டபத்தில், பகல் இரண்டு மணிக்கு. வாசலில் நின்ற இளைஞன் மண்டையோட்டுப் படம் போட்ட சட்டை அணிந்திருந்தான். அம்மாவைப் பார்த்ததும், "என்ட அம்மே", வாங்க அம்மா, என்று சிங்களத்தில் சொல்லி ஒதுங்கி வழிவிட்டான். அது காளியா என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். இல்லை, சும்மா படம் என்றாள் தனுஜா. அம்மா தலையாட்டினாள்.

பவாஸ் நாற்காலியைத் துடைத்துக் கொடுத்து, காதில் வைக்கப் பஞ்சும் கொடுத்தான். முதல் பாட்டு தொடங்கியதும் அம்மா பஞ்சை எடுத்துவிட்டாள். மூடிக்கொண்டு கேட்பதென்றால் எதற்கு வந்தோம் என்பது அவள் நியாயம்.

தனுஜாவால் ஆட முடியவில்லை. ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்து, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது பாட்டு வெறும் ட்ரம்ஸில் தொடங்கியது. கிட்டார் இல்லை, குரல் இல்லை. மெதுவாகத் தொடங்கி அடி ஏறிக்கொண்டே போனது. அது ஏறிய விதம் தப்பு ஏறுவதைப் போலவே இருந்தது. தனுஜா திரும்பினாள். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பவாஸ் கையால் கூட்டத்தின் இடது பக்கத்தைக் காட்டினான்.

அம்மா அங்கே நெரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்ட மெலிந்த பெண்ணொருத்தி முழங்கால் மடங்கி, கண் செருகிச் சரிந்துகொண்டிருந்தாள். சுற்றி இருந்தவர்கள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. உயரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கண்ணில் மட்டும் பட்டிருக்கிறது. அவள் பின்னாலிருந்து ஒரு கையை அந்தப் பெண்ணின் இடுப்பில் கொடுத்து, மறு கையால் பிடரியைத் தாங்கிக்கொண்டாள். கோயிலில் இருபத்திரண்டு வருஷமாக மற்ற பெண்கள் அவளை அப்படித்தான் தாங்கியிருக்கிறார்கள். சிங்களத்தில், இடம் விடுங்கள் என்று ஒரு தரம் சொன்னாள். உரக்கக்கூடச் சொல்லவில்லை. கறுப்புச் சட்டைகள் விலகி வட்டமாக நின்று, முதுகால் நெரிசலைத் தடுத்துக்கொண்டார்கள்.

சுவரோரமாக உட்காரவைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகில் பிடித்தாள். அந்தப் பெண் கண் திறந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். அம்மா அவளைச் சிங்களத்திலேயே நன்றாக ஏசினாள். அந்தப் பெண் அம்மே, அம்மே என்று கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ட்ரம்ஸ் அவ்வளவு நேரமும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அம்மாவின் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நீ போய் ஆடு" என்றாள் தனுஜாவைப் பார்த்து. "நான் இந்தப் புள்ளையப் பாத்துக்கிறேன்."

கடைசி மூன்று பாட்டுக்குத் தனுஜா ஆடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.

வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் சீட் கிடைத்தது. அவிசாவளை தாண்டி, ரோட்டின் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரத் தொடங்கியதும் அம்மா கேட்டாள்.

"ட்ரம்ஸ் அடிச்சப்ப பயந்துட்ட, என்ன?"

ஆமாம் என்றாள் தனுஜா.

"எனக்கு வராது புள்ள. மூணு வருசமா வரல."

தனுஜா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முதல் வருஷம் வராதபோது விரதத்தில் ஏதோ குறை என்று நினைத்தாளாம். தப்பு அடிக்கிறவர்கள் அவள் முகத்தையே பார்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாரையும் எப்படித் திருப்பி அனுப்புவது? அவளாகவே ஆடினாள். அடுத்த வருஷமும் அப்படித்தான். அதற்கடுத்த வருஷம் பக்கத்து லயத்துத் தங்கம்மா வாக்குக் கேட்க வந்து, மகளை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். அனுப்ப வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். தங்கம்மா அந்த வாரமே ஏஜென்ஸிக்காரனிடமிருந்து பாஸ்போர்ட்டைத் திருப்பி வாங்கிவிட்டாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். ஆனா அது நான் சொன்னது. ஆத்தா சொல்லல" என்றாள் அம்மா. "நீ அன்னைக்கு நானாத்தான் ஆடுனேன்னு ஒளிக்காம சொல்லிட்ட. எனக்கு அத சொல்ல வாய் வரல."

அப்பாவுக்குத் தெரியுமா என்று தனுஜா கேட்டாள். தெரியாது. அம்மாவைப் பற்றித் தோட்டத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று தன் மடியில் வந்து விழுந்திருக்கிறது என்பது தனுஜாவுக்குப் புரிந்தது. கொஞ்ச தூரம் போனதும், ஷோ பிடித்திருந்ததா என்று கேட்டுவைத்தாள்.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அந்த ட்ரம்ஸ்காரன் நல்லா அடிக்கிறான். ஒருத்தர் மூஞ்சியையும் பாக்காம அடிக்கிறான்."

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அழகம்மா கோயில் கமிட்டிக்காரர்களிடம் போய், இந்த வருஷம் தனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னாள். காரணம் கேட்டார்கள். இப்போது வருவதில்லை என்றாள், அவ்வளவுதான். பிறகு தங்கம்மாவின் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். தங்கம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பக்கத்தில் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லயத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். மகளைக் கொழும்புக்குக் கூட்டிப்போனதால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அப்பா சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா வழக்கம்போலக் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய் வந்தாள். வைகாசி மழையில் பால் வெட்டு நின்ற ஒரு நாள், ஸ்டோர் கூரையின்கீழ் ஒதுங்கி நின்றபோது தங்கம்மாதான் முதலில் வெற்றிலையை நீட்டினாள். மகள் இப்போது அவிசாவளையில் கார்மெண்ட் தொழிற்சாலைக்குப் போகிறாள் என்று சொன்னாளாம். அது நல்லதா கெட்டதா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அதற்கு முன்பு, அந்தச் சித்திரைத் திருவிழாவில் கரகம் கோயிலைச் சுற்றி வந்தபோது அழகம்மா கூட்டத்தில் மகளோடு நின்றுகொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் கண்ணை மூடியே இருந்ததால் கரகத்துப் பூ அலங்காரத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றாள். நன்றாகத்தான் கட்டுகிறார்கள் என்றாள்.

அதற்குப் பிறகு தனுஜா நாலைந்து ஷோவுக்குப் போய்விட்டாள். எங்கே போகிறாள் என்று சொல்லிவிட்டே போகிறாள். அம்மா மறுபடி தானும் வருவதாகச் சொல்லவில்லை. போன மாதம் இரத்தினபுரியில் நடந்த ஷோவில் நல்ல மழை. பாதியில் கரண்ட் போய்விட்டது. பேண்ட்காரர்கள் மேடை ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, முன்னால் நின்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நனைந்துபோய் நின்ற தனுஜாவைப் பார்த்து, எந்த ஊர் என்று கிட்டார்காரன் கேட்டான். அவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அவன் கேள்விப்பட்டதில்லை. எப்படிப் போவது என்று கேட்டான். எந்தச் சந்தியில் இறங்கி, எந்தப் பாலத்தைத் தாண்டி மேலே ஏற வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டது; அவன் கிட்டாரை எடுக்க எழுந்தான், அவள் முடியை அவிழ்த்துக்கொண்டாள்.