நிலாந்தினி கொண்டுவந்த பூ

என் கணவரின் தங்கை நிலாந்தினியோடு நான் கதைக்காமல் விட்டது ஒரு ஆட்டால். அவளுடைய ஆடு வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து என் பூசணிக் கொடியை அடிவரை மேய்ந்துவிட்டது. வாயில்லாச் சீவனாம், அவள் சொல்கிறாள். வாயில்லை என்றால் என் கொடி எங்கே போனது? என் கணவரோ இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அது மாமியின், அதுதான் என் கணவரின் அம்மாவின், பூசணி. போன வருடம் கண்மூடிய மாமி சாம்பலில் பிரட்டி வைத்திருந்த கடைசி விதைகளில் முளைத்தது அது ஒன்றுதான். புங்குடுதீவில் எங்கள் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. வாங்கிய தண்ணீரில் அரிசி கழுவி, அந்தக் கழுவலை ஊற்றித்தான் வளர்த்தேன். இந்தக் கொடி காய்க்காவிட்டால் அந்த இனம் இல்லாமலே போய்விடும்.

மொட்டையான அடியிலிருந்து ஒரு தளிர் தலைகாட்டி ஓடியது. ஒரு காலையில் அதில் பெண்பூ ஒன்று, அடியில் குட்டிப் பிஞ்சோடு விரிந்து நின்றது. ஆண்பூ பெயருக்கும் இல்லை. வெயில் ஏறினால் பூ கூம்பிவிடும், அதற்குள் ஆண்பூவின் தூள் படாவிட்டால் பிஞ்சு பழுத்து விழும். வேலிக்கு அங்கால், சந்தையில் விதை வாங்கி நிலாந்தினி நட்ட பூசணியில் ஆண்பூக்கள் கொட்டிக் கிடந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ரோசத்தை விழுங்கிக்கொண்டு வேலியடியில் போய் நின்றேன்.

"நிலாந்தினி, ஒரு ஆண்பூ தாரும்."

முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏன் மச்சாள், பொரிக்கவோ?"

"உம்மட அம்மான்ர கொடி பூத்திருக்கு."

விளக்குமாறு கீழே விழுந்தது. இருக்கிறதிலேயே பெரிய பூவாகப் பிடுங்கிக்கொண்டு, ஆடு பிரித்த ஓட்டைக்குள்ளாலேயே குனிந்து வந்தாள்.

"உயிரோட இருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

இதழ்களை உரித்துவிட்டு நடுக்காம்பை என்னிடம் நீட்டினாள்.

"கொண்டு வந்தனீர் நீர். நீரே வையும்" என்றேன்.

பெண்பூவின் நடுவில் வைத்துத் தடவினாள். மஞ்சள் தூள் கொஞ்சம் ஒட்டியது. ஊதினால் பறந்துபோகிற தூள். அதற்குள்ளிருந்தா இரண்டு கையாலும் தூக்க வேண்டிய காய் வருகிறது? எத்தனையோ தரம் செய்த வேலைதான், அன்றைக்கு எனக்கு மயிர் கூச்செறிந்தது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல இருவரும் நின்றோம்.

பிஞ்சு விழவில்லை. காலையில் பார்த்த அளவு மாலையில் இல்லை, அப்படிப் பருத்தது. நிலாந்தினி ஆட்டைக் கட்டிவிட்டு ஓட்டைக்குள்ளால் வருவாள், பார்ப்பாள், போவாள். வேலி அடைக்க வந்த என் கணவரை இரண்டு பேருமாகத் துரத்திவிட்டோம்.

முற்றியதும் வெட்டினோம். வாயில் வைத்ததும் நிலாந்தினி அழுதேவிட்டாள். மாமியின் ருசியேதான்.

விதைகளைச் சாம்பலில் பிரட்டும்போதுதான் அவள் கேட்டாள்: "மச்சாள், காய் அம்மான்ர. விதைக்குள்ள என்ர கொடியும் எல்லோ கிடக்கு? இனி அம்மான்ர காய் வராதே?"

எனக்குத் திக்கென்றது. காப்பாற்றிவிட்டோம் என்றிருந்தேன். உள்ளங்கையில் கிடந்த விதையைப் பார்த்தேன். மாமியும் இருக்கிறாள், சந்தையிலிருந்து வந்த யாரோவும் இருக்கிறார்கள். இதுவரை உலகத்தில் இல்லாத ஒரு காய் அதற்குள் இருக்கிறது.

"என்ன காய்க்குமோ தெரியாது. காய்க்கட்டும், பாப்பம்" என்றேன்.

மழை விழுந்ததும் முதல் விதையை அந்த வேலி ஓட்டையில் ஊன்றினோம்.