கொடியில் இரண்டு பனியன்

பனியன் போடுவது ஆண்கள். வாங்குவது அவர்கள் இல்லை. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் எங்கள் கம்பெனி கவிழப் பார்த்தது. கவிழாமல் காப்பாற்றியவர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது. அதில் ஒருத்தியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் நஞ்சுண்டன் அவிநாசியில் பல வருடங்களாகப் பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தையல் எங்களுடையது, லேபிள் அவர்களுடையது. சரக்கைக் கொண்டுபோனால் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைப்பார்கள். உள்ளே கூப்பிட்டால் ஆயிரம் நொட்டை சொல்வார்கள். "நாம பெத்த புள்ளைக்கு ஊரான் பேரு வெக்கறான்" என்று இவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து புலம்புவார். தொண்ணூற்று நாலில் ஒரு வழியாகத் துணிந்து சொந்த லேபிள் போட்டார். வெள்ளிமலை பனியன். முதல் பனியனைத் தானே போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற நிலையைப் பார்த்து, கல்யாணத்தன்றுகூட இவர் இவ்வளவு பூரித்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

கடைகளுக்குள் நுழையவே ஒரு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகு வந்த தீபாவளிதான் கெடு. அதற்குள் பெயர் எடுக்காவிட்டால் லேபிளை மூட்டை கட்டிவிட்டு, மறுபடியும் அந்தக் கேட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். இவருக்கு அது செத்ததற்குச் சமம்.

அதனால்தான் கோவை காந்திபுரத்தில் விளம்பரக் கம்பெனி வைத்திருந்த வெங்கடபதியிடம் போனோம். அவர் நல்ல மனிதர், பேச்சுத்தான் அதிகம். 'டார்கெட் ஆடியன்ஸ்' என்ற வார்த்தையை நான் முதன்முதலாகக் கேட்டது அவர் வாயிலிருந்துதான்.

"நம்ம டார்கெட் ஆடியன்ஸ் வாலிப வயசு ஆம்பளைங்க. கட்டுமஸ்தான உடம்பப் பாத்தா, தனக்கும் அப்படி இருந்தா எப்படி இருக்கும்னு தோணுமுங்க. அந்த ஆசைலதானுங்க பனியன் விக்கும்" என்றார்.

இவருக்கு அது பிடித்துப்போயிற்று. கோவையில் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றிலிருந்து ஒரு ஆளைப் பிடித்துவந்து, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, எங்கள் பனியனை மாட்டிவிட்டுப் படம் எடுத்தார்கள். பனியன் அவன் மேல் ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தது. இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அடியில் 'ஆண்மையின் கம்பீரம்' என்று சிவப்பு எழுத்து. அதே படம் அட்டைப் பெட்டியிலும். போஸ்டரைப் பார்த்த ஆண்கள் எல்லோரும் மெச்சினார்கள். மெச்சிவிட்டு வீட்டுக்குப் போய், பெண்டாட்டி வாங்கி வைத்திருந்த வேறு பனியனைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆடி முடிந்தது. கடைகளுக்கு அனுப்பிய பெட்டிகள் பிரிக்காமலே திரும்பி வர ஆரம்பித்தன. இவர் நூலைச் சந்தேகப்பட்டார், பிளீச்சிங்கைச் சந்தேகப்பட்டார், கட்டிங் மாஸ்டரைத் திட்டினார். பிறகு யாரையும் திட்டுவதை விட்டுவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், "பழைய கம்பெனிக்கே போய்க் கேட்டுப் பாக்கோணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே பல்லடத்துக்குப் பஸ் ஏறினேன்.

பல்லடத்தில் சபுரா இருந்தாள். நானும் அவளும் ஒன்றாகத் தையல் கிளாசுக்குப் போனவர்கள். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரெடிமேட் கடை வைத்து நன்றாக ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊரில் எந்தக் கடை எங்கள் சரக்கைத் திருப்பினாலும் அவள் கடையில் போகும் என்று நம்பியிருந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் சுவரில் எங்கள் போஸ்டரையே காணோம்.

"ஏன் சபுரா, ஊரான் கிழிச்சா கிழிக்கட்டும். நீயே கழட்டிப்போடலாமா?" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"கோவிச்சுக்காத அம்மணி. கழட்டலை, சுருட்டித்தான் வெச்சிருக்கேன். நான் சொன்னா நீ நம்ப மாட்டே. இன்னைக்குச் சந்தை, பொம்பளைங்க வருவாங்க. இப்பிடி உக்காந்து நீயே பாரு" என்று எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு, அந்தப் பயில்வானை எடுத்துச் சுவரில் மாட்டினாள்.

முதலில் வந்தவள் தறிக்குப் போகிற பெண். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நேராக ஆண்கள் துணி இருந்த பக்கம் வந்தாள். சுவரைப் பார்த்தாள். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டு, "பாவாடை நாடா இருக்குதுங்களா?" என்றாள். வாங்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

"அவ நாடாவுக்கா வந்தா?" என்று சபுரா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அடுத்து வந்தவள் தைரியக்காரி. போஸ்டரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது பயில்வானுங்களுக்குன்னே தெக்கறதுங்களா? எங்கூட்டுக்காரரு ஈர்க்குச்சியாட்ட இருப்பாருங்க. அவருக்கெல்லாம் இதுல சைசு இருக்காதுங்களே?" என்றாள். விளையாட்டாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். எங்கள் பனியனில் சின்னப் பையனுக்குக்கூட அளவு உண்டு. அது அவளுக்கு எப்படித் தெரியும்? படத்தில் இருப்பது மலை மாதிரி ஒருத்தன்.

சபுரா ஒரு பனியனை உருவிக் கையில் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு கட்டை விரலையும் கழுத்துப் பட்டிக்குள் விட்டு இழுத்தாள், விட்டாள், திரும்பி மூடுகிறதா என்று பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். உள்பக்கத் தையலைத் தடவினாள். "நல்லாத்தானுங்க இருக்குது. தொவச்சா கழுத்துத் தொங்காதுங்களே?" என்றாள். எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் சபுரா பெட்டியை எடுத்து நீட்டியதும் அதன் மேல் இருந்த படத்தைப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, இத எப்பிடிங்க ஊட்டுக்குக் கொண்டுபோறது? மாமனாரு வாசல்லயே உக்காந்திருப்பாரு. அந்த வேற பெட்டில இருக்கறதையே குடுத்துருங்க."

சாயங்காலம்வரை உட்கார்ந்து பார்த்தேன். பனியன் கேட்டு வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள்தான். எல்லோர் கட்டை விரலும் கழுத்துக்குத்தான் போயிற்று. எவளும் அந்தப் பயில்வானின் புஜத்துக்காகப் பனியன் வாங்கவில்லை. கம்பெனி வைப்பதற்கு முன்னால் நானும் இவருக்கு அப்படித்தானே வாங்கிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போது சபுரா, "உனக்காகத்தான் சரக்கத் திருப்பாம வெச்சிருக்கேன் அம்மணி. படத்த மட்டும் மாத்திக் குடு, வித்துக் காட்டறேன்" என்றாள். அந்த வார்த்தைதான் என்னைக் காந்திபுரத்துக்குத் தள்ளியது.

வெங்கடபதி என்னை உட்காரச் சொல்லி, காபி வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுப் பழைய பாட்டையே ஆரம்பித்தார். "இல்லீங்க, போடறது ஆம்பளை. அப்ப அவனோட ஆசையத்தானுங்க தூண்டோணும்."

"நீங்க இப்பப் போட்டிருக்கற பனியன் என்ன கம்பெனிங்க?"

அவர் சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "சத்தியமாத் தெரியாதுங்க. காலைல பீரோவத் தொறந்தா இருக்கும். எடுத்துப் போட்டுக்குவேன்."

"அந்தப் பீரோவுக்குள்ள வெக்கறவங்களுக்குப் படம் போடுங்க."

வேறு யாராவது இருந்தால் ரோசம் வந்திருக்கும். வெங்கடபதிக்கு உற்சாகம் வந்தது. பேப்பரை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். அவர்கள் முதலில் எதைத் தொட்டார்கள், எதைக் கண்டு முகம் திருப்பினார்கள், வாயால் கேட்ட கேள்வி என்ன, கேட்கக் கூச்சப்பட்டது என்ன. "ஆம்பளைக்குப் பனியன் உடம்போட இருக்கறது. அவங்களுக்கு அது வாளியிலயும் கொடியிலயும் இருக்கறது. அப்பப் படம் எடுக்கவேண்டிய எடம் கொடிதானுங்க" என்று அவரே சொன்னார். நல்ல மூளை. கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும், தானாக ஓடும்.

ஒரு புதுப் பனியன், ஒரு வருடமாகத் துவைத்த ஒரு பழைய பனியன், இரண்டையும் ஒரே கொடியில் போட்டுப் படம் எடுப்பது என்று முடிவாயிற்று. பழைய பனியனுக்கு எங்கும் போகவேண்டியதில்லை. இவர் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாரே, அது என் கையில் துவைத்துத் துவைத்து இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டில் இவர் குதித்த குதி! "ஆளே இல்லாம வெறும் பனியனா? அதும் நான் போடற பனியன? ஊரூராத் தொங்கப்போடப் போறியா?" படம் எடுக்க வெங்கடபதி கேமராவோடு வந்தபோது வேண்டுமென்றே கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஆனால் வேண்டாம் என்று தடுக்கவில்லை. தடுக்கிற தெம்பும் அவரிடம் இல்லை.

புதுப் போஸ்டரில் நீல வானம், ஒரு கொடி, கிளிப் போட்ட இரண்டு வெள்ளைப் பனியன்கள், அவ்வளவுதான். மேலே ஒரு வரி: 'இதில் ஒன்று ஒரு வருடம் துவைத்தது. எது?' அடியில் சின்னப் பிள்ளை முதல் பெரியவர் வரை எல்லா அளவும் உண்டு என்று போட்டிருந்தது. பெட்டியிலும் அதே கொடிதான். மாமனார் முன்னால் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

போஸ்டர் ஒட்டிய முதல் சந்தை நாளன்று இவரைப் பல்லடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். மனிதர் கடையின் ஒரு ஓரமாக, துணி வாங்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டார். சுவருக்கு முன்னால் நாலைந்து பெண்கள் கூடி ஒரே வாக்குவாதம். "எடது பக்கம் இருக்கறதுதான் பழசு" என்றாள் ஒருத்தி. "கழுத்தப் பாருக்கா, கொஞ்சங்கூடத் தொங்கலை, அதப் போயி பழசுங்கறியே" என்றாள் இன்னொருத்தி. ஒரு அம்மா படத்தின் கழுத்துப் பட்டியையே விரலால் தடவிப் பார்த்தாள். தடவிவிட்டு நிஜப் பனியனை எடுத்துக் காட்டச் சொன்னாள்.

சபுரா சும்மா இருப்பாளா? "அண்ணா, நீங்க சொல்லுங்க, எது பழசு?" என்று கூட்டத்துக்கு நடுவில் இவரைப் பிடித்துவிட்டாள்.

நெய்து, வெட்டி, தைத்து, லேபிள் ஒட்டிய மனிதர் அல்லவா? கொஞ்சமும் யோசிக்காமல் வலது பக்கத்தைக் காட்டி, "இது பழசுங்க. எடது பக்கம் இருக்கறது நம்ம புதுச் சரக்கு" என்றார்.

"தப்பு! எடதுதான் பழசு. உங்களுது!" என்று சபுரா கையைத் தட்டிச் சிரித்தாள். பெண்களும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. போஸ்டருக்குப் பக்கத்தில் போய் அந்த இடது பனியனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்குக் கடையில் இருந்த எங்கள் பெட்டிகள் எல்லாம் காலி. தீபாவளிக்கு எல்லா அளவிலும் வேண்டும் என்று சபுரா சொல்லி அனுப்பினாள். பத்து நாளைக்குள் சோமனூரிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் கடைக்காரர்கள் அந்தக் கொடிப் படத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். லேபிள் பிழைத்தது. அந்தக் கேட்டு வாசலுக்கு இவர் அப்புறம் போகவே இல்லை. சபுராவையும் வெங்கடபதியையும் அந்த ஈர்க்குச்சிக்காரரின் பெண்டாட்டியையும் நினைக்காமல் நான் ஒரு தீபாவளிக்குக்கூட விளக்கேற்றியதில்லை.

ஆனால் சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. அன்று பல்லடத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் இவர், திருப்பூர் தாண்டியதும் மெதுவாக, "வெளுப்பா இருக்கறது நூலுனாலன்னே நெனச்சுட்டு இருந்தேன், கொழந்தை" என்றார். என் முழுப் பெயர் குழந்தையம்மாள். ஆசை வந்தால்தான் பாதியாகும்.

"நூலுந்தானுங்க. கழுத்துத் தொங்காதது உங்க தையலு. வெளுப்புத்தான் நான் தொவச்சது" என்றேன்.

"இத்தன வருசத்துல நீ ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீங்க கேக்கலையேங்க."

மறுநாள் காலையில் குளிக்கப் போனவர் கழற்றிய பனியனை வழக்கம்போல் கதவின் மேல் வீசவில்லை. நான் போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, சோப்பை வைத்துக் கன்னாபின்னாவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அப்பிடி இழுக்காதீங்க, கழுத்துத் தொங்கிப்போயிரும்" என்றேன்.

கையில் நுரையோடு நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"சொல்லிக் குடு" என்றார்.