இருபத்தாறு நாள் காப்பி

இருபத்தாறு நாளாகச் சாராள் தன் புருஷன் எட்மண்டுக்குக் காலைக் காப்பியில் மாத்திரை கலந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். குடியை விடவைக்கும் மாத்திரையாம். டாக்டர் சீட்டு கீட்டு எதுவும் கேட்காமல் மருந்துக்கடைக்காரன் எடுத்துக் கொடுத்தது. பூரிக்கட்டையால் நுணுக்கிப் போட்டு, ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் கூடப் போட்டு ஆற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எட்மண்டுக்குத்தான் ஒருநாள் கண்ணில் பட்டது.

"என்ன சாரா, அடியில மண்டி நிக்குது?"

"காப்பித்தூள் சரியில்லைங்க" என்று கூசாமல் சொன்னாள்.

வேறென்ன செய்வாள், பாவம். எட்மண்ட் சேலையூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வண்டியில் பதினாறு பிள்ளைகள். ஒருநாள் காலையிலேயே வாடையோடு அவன் வண்டிச் சாவியை எடுத்தபோது அவள் வாசலை மறித்துக்கொண்டாள். அன்றைக்குப் பெரிய சண்டை. "இனிமே தொடமாட்டேன்" என்று பைபிள் மேல் கை வைத்தான். அந்தச் சத்தியத்தை அவள் ஏழெட்டுத் தடவை பார்த்தாயிற்று. மறுநாளே மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

ஆச்சரியம், அதற்கப்புறம் அவன் குடிக்கவே இல்லை. முதல் வாரம் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, தூக்கமில்லாமல் புரண்டான். பிறகு தெளிந்துவிட்டான். "பாத்தியா, நானே நிறுத்திட்டேன்" என்று பிள்ளை மாதிரி பீற்றிக்கொண்டான். ஆமாமா, நீயேதான்! என்று சாராள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து மட்டன் பிரியாணி சாப்பிட்டார்கள். "நெஞ்சுவரைக்கும் நிக்குது" என்றான். செரிமானத்துக்கென்று அலமாரியில் எப்போதும் இருக்கும் அரிஷ்டத்தை அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வேனைத் துடைக்கத் தெருவுக்குப் போனான்.

கால் மணிநேரம்கூட ஆகவில்லை, ஓங்கரிக்கிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் முகமும் கழுத்தும் செக்கச் செவேலென்று, கண் சிவந்து, வேன் கதவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிறான். அவளுக்கு வந்ததே கோபம்!

"குடிச்சிட்டியா? பிள்ளைங்க ஏறுற வண்டியில சாஞ்சிக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?"

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் அத்தாவுல்லாவும் வந்து நின்றார். அவர் மகள் அந்த வேனில்தான் போகிறாள்.

"சத்தியமா இல்ல சாரா... நெஞ்சு அடிச்சிக்குது" என்று சொல்லிக்கொண்டே எட்மண்ட் அப்படியே சரிந்தான்.

"அப்பால கத்திக்கலாம் தங்கச்சி, மொதல்ல ஆட்டோல ஏத்து!" என்றார் அத்தாவுல்லா.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் நிஷா பிரஷர் பார்த்துவிட்டு முகம் மாறினாள். "ரொம்ப எறங்கிடுச்சு. வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். குடிச்சிருக்கார்."

கட்டிலில் கிடந்தவன் தலையை மட்டும் ஆட்டினான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. டாக்டர் மறுபடி கேட்டாள். சொன்னால் சாராளின் மானம் போகும், சொல்லாவிட்டால் இவன் போய்விடுவான். அதற்கும் ஒரு முழு நிமிஷம் யோசித்தாளே, பாவி!

"காப்பியில கலந்தேன் டாக்டர். குடியை நிறுத்துற மாத்திரை. அவருக்குத் தெரியாது. இன்னிக்கு அரிஷ்டம் மட்டும்தான் கொடுத்தேன்."

"அரிஷ்டத்துலயே ஆல்கஹால் இருக்கும்மா, பாட்டில்லயே போட்டிருக்கும்" என்றபடி டாக்டர் சலைன் ஏற்றச் சொன்னாள்.

பிரஷர் ஏறி, மூச்சு சீரான பிறகுதான் அவளைத் தனியே கூப்பிட்டாள். "சாராயம் உள்ள போனா ஈரல் அதை ரெண்டு படியா உடைக்கும். இந்த மாத்திரை ரெண்டாவது படியை அடைச்சிடும். பாதியில நிக்கிற விஷம் ரத்தத்துல ஏறி இப்படி ஆளைச் சாய்ச்சிடும். சில பேர் செத்தே போயிருக்காங்க. அவருக்குச் சொல்லாம கொடுக்கவே கூடாது."

"ஆனா அதனாலதானே டாக்டர் குடி ஆசை போச்சு?"

"ஆசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. குடிச்சா ஒடம்பு படுத்தும்னு தெரிஞ்சவங்கதான் பயந்து தொடமாட்டாங்க. இவருக்குத்தான் தெரியவே தெரியாதே. நடுவுல ஒருநாள் குடிச்சிருந்தாலும் அன்னிக்கே இங்க வந்திருப்பார். இருபத்தாறு நாளும் அவராதான் தாங்கியிருக்கார்."

தெருவே பார்க்கக் கத்திய கத்தல் சாராளின் காதிலேயே நின்றது.

சாயந்திரம் அவன் கண் விழித்ததும் ஒன்றுவிடாமல் சொல்லி அழுதாள். எட்மண்ட், "காப்பித்தூள் சரியில்லன்னு சொன்னியே" என்றான். அவ்வளவுதான்.

அத்தாவுல்லா வீட்டிலிருந்து பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்து வைத்தார். சாராள் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். எட்மண்ட் வாங்கி, லேசாக ஆட்டி, உள்ளே பார்த்தான். பிறகு அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

"நீ குடி."

சூடு பார்க்காமல் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள். அவன் கை நீளவில்லை.

"அடிவரைக்கும் குடி, சாரா" என்றான்.