மாமா சுற்றிய சுருள் நாடா

என் அக்கா புருஷனின் பட்டறையில் எட்டு வருஷம் மாடாக உழைத்தேன். ஒரு வாடிக்கையாளரின் காரில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் நாடாவை அறுத்தவர் மாமாதான். பழியை என் தலையில் கட்டி, எல்லார் முன்னாலும் வெளியே அனுப்பினார். அக்காகூட என்னை நம்பவில்லை. "அவருக்கா தொழில் தெரியாது? நீதான்டா அவசரக்குடுக்கை" என்றாள்.

மூன்று மாதம் கழித்து அவளே கூப்பிட்டாள். அவள் காரில் இண்டிகேட்டர் கம்பி ஒடிந்து தொங்கியது. புருஷனிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்றாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்கள் வீட்டு வாசலில் வைத்தே பேட்டரியைக் கழற்றி, ஏர்பேக்கை எடுத்து, ஸ்டியரிங்கை உருவினேன். நாடா இருக்கும் வட்டப் பெட்டியைப் பத்திரமாக இருக்கையில் வைத்துவிட்டுப் புது இண்டிகேட்டர் சுவிட்சை மாட்டினேன்.

மாமா பனியனோடு வந்தார். "என்ன மச்சான், இதையும் அறுக்கப் போறியா? தள்ளு. தொழில்னா என்னன்னு பாரு."

தள்ளி நின்றேன்.

அந்தப் பெட்டிக்குள் நாடா இரண்டு பக்கமும் சமமாகச் சுழல இடம் விட்டு, நடுவில் நிறுத்தித்தான் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஒரு பக்கம் நாடா பத்தாமல் அறுந்துவிடும். அவரோ அக்காவிடம் பெருமை பேசிக்கொண்டே அதை விரலில் பம்பரமாய்ச் சுற்றினார். பேச ஆரம்பித்தால் அவர் கை சும்மா இருக்காது. வாடிக்கையாளர் காரிலும் அன்றைக்கு இப்படித்தான். சுற்றக்கூடாதென்று அன்றைக்கு நான் சொன்னேன், "எனக்கே பாடமா?" என்றார். இன்றைக்குச் சொல்லவில்லை. ஒவ்வொரு சுற்றையும் எண்ணினேன். இனித்தது.

எல்லாம் மாட்டி முடித்து அக்காவை உட்காரவைத்தார். இண்டிகேட்டர் மின்னியது. ஹாரன் அலறியது.

"பாத்தியாடா?"

"அக்கா, ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பு" என்றேன்.

திருப்பினாள். உள்ளே 'டப்'பென்று ஒரு சத்தம். ஏர்பேக் விளக்கு எரிந்தது. ஹாரனை அமுக்கினாள், மூச்சே இல்லை.

"என்னடா பண்ணி வச்ச?" மாமா என்மேல் பாய்ந்தார்.

"அவன் தள்ளியில்ல நின்னான்? கையில வச்சு சுத்துனது நீங்க." அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள். "அப்போ அன்னிக்கும் நீங்கதானா?"

அவர் கழுத்தெல்லாம் வேர்த்தது. "சரி விடு மச்சான். நாளைக்கே வேலைக்கு வந்துடு."

"வர்றேன் மாமா. வேலைக்கு இல்ல. அன்னிக்கு இருந்த எல்லாரையும் நிக்கவச்சு, அறுத்தது யாருன்னு நீங்க சொல்லணும். அதைக் கேக்க வர்றேன்."

"வீட்டுக்குள்ள பேசி முடிச்சுக்கலாம்டா..."

"பட்டறையில துப்பிட்டு வீட்டுல துடைப்பீங்களா?"

அக்கா காரைவிட்டு இறங்கி, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "காலையில எத்தனை மணிக்கு எல்லாரும் வந்து சேருவாங்க? நானும் வர்றேன்."